பகலில் பறக்கும் அந்துப்பூச்சி டிஸ்ஃபேனியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டோரம் நடக்கப் போகிற நண்பர்கள் அவ்வப்போது ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன வண்ணத்துப்பூச்சி?" என்று கேட்பார்கள். படத்தில் மஞ்சள் இறக்கையில் கருநீலமும் ஊதாவும் கலந்து, உள்ளங்கை அளவில் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது வண்ணத்துப்பூச்சி இல்லை, அந்துப்பூச்சி என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் அடுத்தடுத்துக் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்தான் இந்தப் பக்கம்.

டிஸ்ஃபேனியா என்பது என்ன?

ஜியோமெட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அந்துப்பூச்சிப் பேரினம். இந்தியாவிலும் இலங்கையிலும் தொடங்கி, தென்சீனா, மலாயா, சிங்கப்பூர், போர்னியோ, நியூ கினி வழியாக ஆஸ்திரேலியாவின் வடகோடி வரை பரவியிருக்கிறது. இதில் 40க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. சிங்கப்பூரை ஒட்டிய நம் வட்டாரத்தில் அதிகம் பேசப்படுவது டிஸ்ஃபேனியா மிலிட்டாரிஸ். அதன் முன்னிறக்கையின் உள்பாதி மஞ்சள். வெளிப்பாதி கருமை கலந்த ஊதா, அதில் வெளிறிய புள்ளிகள். பின்னிறக்கை மஞ்சள், ஆங்காங்கே ஊதாத் திட்டுகள். டிஸ்ஃபேனியா சப்ரெப்லெட்டா என்ற இன்னொன்றும் இந்தப் பகுதிக்கு உரியது.

பகலில் பறக்கிறது, பளிச்சென்று இருக்கிறது, பூவில் தேன் குடிக்கிறது. அப்புறம் எப்படி அந்துப்பூச்சி?

பகல், இரவு என்பதை வைத்தோ நிறத்தை வைத்தோ இவற்றைப் பிரிக்க முடியாது. உலகில் பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரே கிளை. செதில் இறக்கைப் பூச்சிகள் என்ற பெரிய மரத்தில் அந்த ஒரு கிளையைத் தவிர்த்து மீதி எல்லாவற்றையும் நாம் அந்துப்பூச்சி என்று அழைத்துப் பழகிவிட்டோம். ஆகவே அந்துப்பூச்சி என்பது ஒரே மாதிரியான உயிர்களின் கூட்டம் அல்ல. அதற்குள் எல்லா விதமும் இருக்கும்.

நேரில் பார்க்கும்போது உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் சிறு குமிழ்போலத் தடித்திருக்கும். டிஸ்ஃபேனியாவுக்கு அந்தக் குமிழ் கிடையாது. அடுத்தது உட்காரும் விதம். வண்ணத்துப்பூச்சி ஓய்வெடுக்கும்போது பெரும்பாலும் இறக்கைகளை முதுகுக்கு மேல் சேர்த்து நிமிர்த்திக்கொள்ளும். டிஸ்ஃபேனியா நான்கு இறக்கைகளையும் தட்டையாக விரித்து இலைமேல் படுத்தாற்போல் இருக்கும். இப்படி விரித்து உட்காருவது இந்தக் குடும்பத்தில் பரவலான பழக்கம். இரவில் படிக்கட்டு விளக்கருகே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பழுப்பு அந்துகள் பலவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

ஜியோமெட்ரிடே குடும்பத்தை எதை வைத்து அடையாளம் காண்கிறார்கள்?

முதலில் புழுவை வைத்து. தோட்டத்தில் நிலத்தை அளப்பதுபோல் முதுகை வளைத்து வளைத்து நடக்கும் புழுவைப் பார்த்திருப்பீர்கள். விவசாயிகள் அதைக் காவடிப் புழு என்பார்கள். தைப்பூசத்தில் காவடியின் வளைவைப் பார்த்த யாருக்கும் இந்தப் பெயர் பொருத்தமாகவே படும். பெரும்பாலான புழுக்களுக்கு மார்பில் மூன்று இணை உண்மைக் கால்களும், வயிற்றில் ஐந்து இணை சதைக் கால்களும் உண்டு. ஜியோமெட்ரிடே புழுக்களுக்கு வயிற்றின் ஆறாவது, பத்தாவது வளையங்களில் மட்டும், அதாவது இரண்டே இணை சதைக் கால்கள். நடுவில் கால் இல்லாததால் பின்பகுதியை முன்கால்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துப் பிடித்துக்கொண்டு, பிறகு முன்னுடம்பை நீட்ட வேண்டியிருக்கிறது. அந்த வளைவு இப்படி வருவதுதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: வளைந்து நடக்கும் எல்லாப் புழுவும் இந்தக் குடும்பம் அல்ல. தமிழ்நாட்டு விவசாயிகள் நன்கறிந்த ஆமணக்குக் காவடிப் புழு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குச் சதைக் கால்கள் சற்றுக் குறைந்து போனதால் அதே நடை வந்திருக்கிறது. கால்களை எண்ணினால் குழப்பம் தீரும்.

வளர்ந்த பூச்சியில் அடையாளம் காது. இந்தக் குடும்பத்து அந்துகளுக்கு வயிற்றின் அடிப்பகுதியில் ஓர் இணைக் கேட்கும் உறுப்பு இருக்கிறது. வௌவால் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத ஒலியை அது பிடித்துவிடும். அதன் கட்டமைப்பு வேறு எந்தக் குடும்பத்திலும் இல்லாத வகை என்பதால், ஜியோமெட்ரிடே என்று உறுதி செய்ய வகைப்பாட்டாளர்கள் இதைப் பெரிதும் நம்புகிறார்கள்.

இந்தக் குடும்பத்துக்குள் டிஸ்ஃபேனியாவின் இடம் எது?

ஜியோமெட்ரிடே மிகப் பெரிய குடும்பம். இதுவரை விவரிக்கப்பட்ட சிற்றினங்கள் 23,000க்கும் மேல். ஏறக்குறைய பாதி என்னோமினே என்ற ஒரே துணைக்குடும்பத்துக்குள் அடங்கிவிடுகின்றன. லாரென்டியினே, ஸ்டெர்ரினே, ஜியோமெட்ரினே ஆகியவை அடுத்த பெரிய துணைக்குடும்பங்கள். டிஸ்ஃபேனியா சேர்ந்திருப்பது ஜியோமெட்ரினேயில்.

இதில்தான் சுவாரசியம். ஜியோமெட்ரினே என்றாலே பச்சை அந்துகள். இளந்தளிரின் பச்சையில், மெல்லிய வெள்ளைக் கோடுகளோடு, இலைமேல் உட்கார்ந்தால் காணாமல் போய்விடும் பூச்சிகள். தலாசோடஸ், பெலாகோடஸ் போன்ற பேரினங்கள் சிங்கப்பூரிலும் உண்டு. சில சமயம் அடுக்குமாடி வீட்டின் சமையலறை விளக்குக்குக்கூட வந்துவிடும். இந்தப் பச்சைக்கு ஜியோவெர்டின் என்ற ஒரு நிறமி காரணம். அப்படிப்பட்ட கூட்டத்தில் மஞ்சளும் ஊதாவும் நீலமுமாக, இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, பட்டப்பகலில் பறக்கும் டிஸ்ஃபேனியா எப்படிச் சேர்ந்தது என்று தோன்றும். பழைய அறிஞர்களுக்கும் அந்தத் திகைப்பு இருந்தது.

தோற்றத்தை விட்டுவிட்டு உடலமைப்பைப் பார்த்தால் உறவு தெரியும். ஜியோமெட்ரினேயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று பின்னிறக்கையின் நரம்பமைப்பு: நடு நரம்புகள் மூன்றில் இரண்டாவது, மூன்றாவதை விட முதலாவதற்கு அருகிலிருந்து கிளம்பும். இதோடு இனப்பெருக்க உறுப்புகளின் வடிவமும், புழுவின் அமைப்பும், பின்னாளில் மரபணு ஒப்பீடுகளும் சேர்ந்து, டிஸ்ஃபேனியா இந்தத் துணைக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று காட்டின. ஆனாலும் அதன் தனித்தன்மையை மதித்து, துணைக்குடும்பத்துக்குள்ளேயே டிஸ்ஃபேனியினி என்ற தனிப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவை 1895இல் ஏற்படுத்தியவர் பூச்சியியலாளர் வில்லியம் வாரன்.

என்னைக் கேட்டால், வகைப்பாடு என்ற துறையின் அழகு இதில்தான் இருக்கிறது. கண்ணுக்கு எட்டும் நிறமும் வடிவமும் வேட்டையாடும் பறவைக்காக மாறியவை, சீக்கிரம் மாறக்கூடியவை. நரம்பின் கிளை போன்ற, யாரும் கவனிக்காத இடங்களில்தான் பழைய உறவு அப்படியே தங்கியிருக்கிறது.

உறவினர்கள் பச்சையாக ஒளிந்திருக்க, இது மட்டும் ஏன் இப்படிப் பளிச்சென்று இருக்கிறது?

இரண்டு வழிகள் உண்டு: கண்ணில் படாமல் தப்பிப்பது, அல்லது கண்ணில் பட்டும் தின்னப்படாமல் தப்பிப்பது. பச்சை அந்துகள் முதல் வழியைப் பிடித்தன. அவை இரவில் பறக்கின்றன, எதிரி வௌவால், அதற்குக் காது உதவுகிறது. பகலில் அசையாமல் இருக்கின்றன, எதிரி பறவை, அதற்குப் பச்சை உதவுகிறது.

டிஸ்ஃபேனியா பகலில் பறக்கத் தொடங்கியதும் கணக்கு மாறிவிட்டது. பறக்கிற பூச்சி ஒளிய முடியாது. பகலில் வௌவால் வராது, பறவை வரும். பறவைக்குக் கண்தான் எல்லாம். அதனால் பறவையின் நினைவில் பதியும்படி உரத்த நிறங்களைப் போட்டுக்கொள்வது பயன்தரும் வழி ஆகிறது. மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் 'என்னைத் தொடாதே' என்று பொருள் கொள்வது பறவைகளிடம் பரவலான பழக்கம். குளவியும் இதே நிறங்களைத்தான் பயன்படுத்துகிறது. புழுவும் மஞ்சளில் கரும்புள்ளிகளோடு இருப்பதைச் சேர்த்துப் பார்த்தால், இது எச்சரிக்கை நிறம் என்ற விளக்கத்துக்கு வலு கூடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. டிஸ்ஃபேனியாவின் சில சிற்றினங்கள் மஞ்சள் அல்ல. கருநீலத்தில் வெளிர்நீலப் புள்ளிகளும் பட்டைகளும் கொண்டவை. அவற்றைப் பறக்கும்போது பார்த்தால் எருக்கு வகைச் செடிகளில் வளரும் நீல வரியன் வண்ணத்துப்பூச்சி என்றே நினைப்போம். அந்த வண்ணத்துப்பூச்சிகள் உண்ணும் செடியிலிருந்து நஞ்சைச் சேர்த்துவைப்பவை. பறவைகள் அவற்றைத் தவிர்க்கும். ஒரே வேஷத்தைப் பல பூச்சிகள் போட்டுக்கொள்ளும்போது, ஒரு முறை சூடுபட்ட பறவை அத்தனையையும் விட்டுவிடுகிறது. தோற்றத்தில் மட்டும் அல்ல, மெதுவாக, அவசரமின்றிப் பறக்கும் விதத்திலும் இந்த ஒப்புமை தெரியும்.

இந்தப் பெயரை வைத்தது யார்?

பேரினத்துக்குப் பெயர் சூட்டியவர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த யாக்கோப் ஹியூப்னர், 1819இல். ஆனால் மிலிட்டாரிஸ் அதற்கு முன்பே, 1758இல், சுவீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் கையால் பெயர் பெற்றுவிட்டது. அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லா அந்துகளையும் அவர் ஃபலேனா என்ற ஒரே பேரினத்தில் போட்டு, அதற்குள் சிறு பிரிவுகள் வகுத்தார். அந்தப் பிரிவுகளில் ஒன்றின் பெயர் ஜியோமெட்ரா. நிலத்தை அளப்பவர் என்று பொருள். குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது.

19ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் இதே பூச்சிகள் ஹாஸிஸ், யூஸ்கெமா என்ற பேரினப் பெயர்களிலும் வரும். இப்போது அவை டிஸ்ஃபேனியாவுக்குள் அடங்கிவிட்டன. பழைய மலாயாப் பட்டியல்களைப் புரட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்து அந்துகளின் பெயர்களுக்குப் பின்னால் இன்னொருவர் அடிக்கடி வருவார்: லண்டனின் பிரிட்டிஷ் அரும்பொருளகத்துக்காகப் பட்டியல் தயாரித்த ஃபிரான்சிஸ் வாக்கர். சப்ரெப்லெட்டாவுக்கு 1854இல் பெயர் வைத்தவர் அவர். அதே 1854ஆம் ஆண்டுதான் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சிங்கப்பூரில் வந்திறங்கி, புக்கித் தீமாவில் பாதிரிமார் இல்லத்தில் தங்கிப் பூச்சி சேகரித்தார். வாலஸ் இந்தத் தீவுகளில் சேகரித்த அந்துகளில் பலவும் வாக்கரின் மேசைக்குப் போய்ப் பெயர் பெற்றன. நாம் இன்று சனிக்கிழமை காலையில் ஏறி இறங்கும் குன்று, உலகப் பூச்சியியலில் அப்படி ஓர் இடம் பிடித்தது.

இணையத்தில் தேடினால் ஒரு செடி வருகிறதே?

வரும். டிஸ்ஃபேனியா என்ற பெயரில் கீரைக் குடும்பத்தில் ஒரு தாவரப் பேரினமும் உண்டு. தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் 1810இல் வைத்த பெயர் அது. மெக்சிக்கோ சமையலில் சேர்க்கும் எபாசோத்தே என்ற வாசனைக் கீரை அதில் அடங்கும். தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் பெயரிடும் விதிமுறைகள் தனித்தனி. அதனால் ஒரே பெயர் இரண்டு பக்கமும் இருக்கலாம், தவறு இல்லை. தேடும்போது கூடவே அந்து என்றோ ஜியோமெட்ரிடே என்றோ சேர்த்துக்கொண்டால் போதும்.

இதைப் பார்க்க வேண்டுமானால் எங்கே போக வேண்டும்?

இடத்தைத் தேடாதீர்கள், மரத்தைத் தேடுங்கள். டிஸ்ஃபேனியா புழுக்களின் உணவு பெரும்பாலும் ஒரு தாவரக் குடும்பத்தைச் சார்ந்தது: ரைசோஃபோரேசி, அதாவது கண்டல் மரங்களின் குடும்பம். அதில் முக்கியமானது கரால்லியா பிராக்கியேட்டா. மலாயில் மெரான்சி என்பார்கள். தமிழர்கள் அதிகம் கவனித்த மரம் அல்ல. ஆனால் நம் தமிழ் நிலத்துக்கும் உரிய மரம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. மடகாஸ்கரிலிருந்து வட ஆஸ்திரேலியா வரை அதன் ஆட்சி.

கண்டல் என்றால் சேறும் உப்புநீரும் நினைவுக்கு வரும். கரால்லியா அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தாலும் நன்னீர்க் காட்டுக்குள் வளரும் மரம். ஈரமான இடத்தில் வளர்ந்தால் அடிமரத்தில் ஊன்றுவேர்கள் விடும். அது கண்டல் உறவினர்களை நினைவூட்டும் அடையாளம். இலைகள் எதிரெதிராக, தடித்து, மேற்பக்கம் பளபளப்பாக இருக்கும். ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். பழம் சின்னது, உருண்டை, பழுத்தால் செம்மை, பறவைகளுக்குப் பிடிக்கும். சிங்கப்பூரின் உள்நாட்டு மரம். இயற்கைக் காடுகளில் இருக்கிறது, பூங்காக்களில் நட்டும் வளர்க்கிறார்கள்.

ஆகவே புக்கித் தீமா, மெக்ரிச்சியை ஒட்டிய காட்டு வழித்தடங்கள், கண்டல் பக்கம் சுங்கை பூலோ, பாசிர் ரிஸ், புலாவ் உபின் ஆகியவை பார்க்கத்தக்க இடங்கள். வெயில் ஏறிய பிறகு மரங்களின் உச்சியில் வட்டமிடுவதைப் பார்க்கலாம். தேனுக்காக இறங்கி வரும்போதுதான் படம் கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வாழும் டிஸ்ஃபேனியா நியூமானாவுக்கு 'நாலு மணி அந்து' என்றே ஆங்கிலத்தில் பெயர். பிற்பகலில் வெளியே வந்து சுற்றும் பழக்கம் அதற்கு.

அதன் புழுவை எப்படிக் கண்டுகொள்வது?

கரால்லியாவின் இளம் கிளைகளில் பாருங்கள். வளர்ந்த புழு நல்ல மஞ்சள், உடலெங்கும் கருநீலம் அல்லது கறுப்புப் புள்ளிகள், உரோமம் இல்லாத வழவழப்பான உடல். பின்னுடம்பால் கிளையைப் பிடித்துக்கொண்டு, முன்னுடம்பை விறைப்பாக நீட்டி நிற்கும். தொந்தரவு செய்தால் இன்னும் நிமிரும். குச்சிபோல் நிற்பது இந்தக் குடும்பத்தின் பழைய வித்தை. பழுப்புப் புழுக்கள் அப்படி நின்றால் குச்சிக்கும் புழுவுக்கும் வேறுபாடு தெரியாது. மஞ்சள் புழு அதே வித்தையைச் செய்வது பார்க்க வேடிக்கையாக இருந்தாலும், குடும்பப் பழக்கம் நிறம் மாறிய பிறகும் விட்டுப்போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சின்னப் புழு இலையின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும். பெரிதானதும் இலை முழுவதையும் முடிக்கும். தின்று முடித்ததும் இலையைப் பட்டு நூலால் மடித்துக் கட்டி, அதற்குள்ளேயே கூட்டுப்புழு ஆகிறது. மடிந்த இலை ஒன்று கிளையில் தொங்கினால் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பார்க்க முடியுமா?

முடியும். இந்தியாவில் டிஸ்ஃபேனியா பெர்கோட்டா இருக்கிறது. கருநீலத்தில் வெளிர் பட்டைகள் கொண்ட அழகு. இலங்கையிலும் இந்தியாவிலும் டிஸ்ஃபேனியா பால்மைரா உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனால் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். அங்கேயும் அதே கரால்லியா மரம்தான் வழிகாட்டி.

2014இல் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கெல்லாம் வந்து உட்கார்ந்ததே ஒரு பெரிய பழுப்பு அந்து, அதுவா இது?

இல்லை. அது லிஸ்ஸா சம்பா. பின்னிறக்கையில் வால் நீண்டு, பழுப்பில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அந்த ஆண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் தாழ்வாரங்களிலும் எம்ஆர்டி ரயில் நிலையங்களிலும் கூட்டமாக வந்து பலரையும் திடுக்கிட வைத்தது. அது யுரேனிடே குடும்பம். ஜியோமெட்ரிடேயும் அதுவும் ஜியோமெட்ராய்டியா என்ற ஒரே பெருங்குடும்பத்துக்குள் வருவதால் தூரத்து உறவு என்று சொல்லலாம். அதன் புழுவும் தனக்கென்று ஒரு மரத்தைத்தான் நம்பியிருக்கிறது: எண்டோஸ்பெர்மம். அந்த மரம் காட்டில் இருப்பதால்தான் அந்து நம் வீட்டு வாசலுக்கு வந்தது.

பாடப்புத்தகத்தில் வரும் புகைமண்டல இங்கிலாந்தின் கறுப்பு அந்து இந்தக் குடும்பமா?

ஆமாம், அதே குடும்பம். துணைக்குடும்பம் மட்டும் வேறு, என்னோமினே. பிஸ்டன் பெட்டுலாரியா என்ற அந்த அந்தின் கறுப்பு வடிவம் முதலில் பதிவானது 1848இல், மான்செஸ்டரில். கோர்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் ஒரு டிஎன்ஏ துண்டு தாவிச் செருகிக்கொண்டதே கறுப்புக்குக் காரணம் என்று 2016இல் நிறுவினார்கள். பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒரு குடும்பத்தில் ஒன்று மரப்பட்டையில் மறைந்தும் மற்றொன்று வெயிலில் நிறத்தைக் காட்டியும் பறவையிடமிருந்து தப்புகிறது. ஹவாய்த் தீவுகளில் இதே குடும்பத்துக் காவடிப் புழுக்கள் சில குச்சிபோல் அசையாமல் நின்று, பக்கத்தில் வரும் ஈயைச் சட்டென்று பிடித்துத் தின்கின்றன. ஒரே குடும்பத்தில் இத்தனை விதம்.

தொட்டால் அரிக்குமா? பொடி கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்கிறார்களே?

டிஸ்ஃபேனியா கொட்டாது, கடிக்காது. புழுவுக்கும் அரிப்பு முட்கள் இல்லை. அரிப்பு தருபவை அடர்த்தியான உரோமமோ முட்களோ கொண்ட கம்பளிப்பூச்சிகள். அவை வேறு குடும்பங்கள், அவற்றைத் தொட வேண்டாம். இறக்கையின் பொடி என்பது செதில்கள். கண்ணில் பட்டால் தூசி பட்டதுபோல் உறுத்தும், தண்ணீர் விட்டுக் கழுவினால் சரியாகிவிடும். பார்வையெல்லாம் போகாது. ஆனால் செதில் உதிர்வது பூச்சிக்கு நட்டம். அதனால் இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

வீட்டுக்குள் அந்து வந்தால் இறந்துபோன பெரியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று நம் சீன அண்டை வீட்டார் பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதனால் அவர்கள் அதை அடிக்க மாட்டார்கள். எனக்கு அந்த மரியாதை மிகவும் பிடிக்கும். விளக்கை அணைத்துச் சன்னலைத் திறந்துவிட்டால் தானாகவே போய்விடும்.

சமூகத் தோட்டத்தில் காவடிப் புழு தொல்லை. மருந்து அடிக்கலாமா?

அது டிஸ்ஃபேனியாவாக இருக்காது. டிஸ்ஃபேனியா உங்கள் கத்தரிக்கும் வெண்டைக்கும் வராது. பல செடிகளைத் தின்னும் காவடிப் புழுக்களில் ஒன்று ஹைபோசிட்ரா தலாக்கா. அசாம், டூவார்ஸ் தேயிலைத் தோட்டங்களில் பெரும் சேதம் செய்வது இதுதான். கொய்யா, ரம்புத்தான், கொக்கோ என்று பலதையும் தின்னும். ஒரு சில செடிகள்தானே, கையால் பொறுக்கி எடுப்பதே நல்ல வழி.

பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தைப் பலர் பரிந்துரைப்பார்கள். மனிதருக்குக் கெடுதல் இல்லை என்பது உண்மை. ஆனால் தெளித்த இலையைத் தின்னும் புழு எதுவாக இருந்தாலும் கொல்லும். கறிவேப்பிலையில் இருக்கும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவும் சேர்ந்து சாகும். தோட்டம் முழுக்க அடிப்பது எனக்கு உடன்பாடில்லை. பக்கத்தில் கரால்லியா மரம் இருந்தால் அதன்மேல் ஒரு துளியும் படக் கூடாது. டிஸ்ஃபேனியா புழு இளமரத்தின் இலைகளை மொட்டையடித்தாலும், நன்றாக வேரூன்றிய மரம் திரும்பத் துளிர்த்துவிடும். இலை போவது மரத்துக்குத் தற்காலிக இழப்பு. அந்த மரம் இல்லாவிட்டால் பூச்சிக்கு வேறு போக்கிடம் குறைவு.

பிடித்து வந்து வளர்க்கலாமா?

இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் எந்தப் பூச்சியையும் புழுவையும் எடுக்கக் கூடாது. இலையையும் பறிக்கக் கூடாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லி அழைத்துப் போங்கள். பார்த்துக்கொண்டே நிற்பது பிடித்து வருவதை விட அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அருகில் வைத்துப் பார்க்க ஆசை என்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது. 2015இல் திறந்தது. அதன் சேகரிப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உண்டு. பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் விலங்கியல் சேகரிப்பு அங்கேதான் வந்து சேர்ந்தது.

சிற்றினம் எது என்று படத்தை வைத்தே சொல்ல முடியுமா?

சில சமயம். நன்கு தெரிந்த சிற்றினமாக, இறக்கை முழுவதும் தெளிவாக இருந்தால் முடியும். ஒன்றுபோலவே இருக்கும் சிற்றினங்கள் பல உண்டு. ஒரே சிற்றினத்துக்குள் தீவுக்குத் தீவு மஞ்சளின் அளவும் புள்ளிகளின் வடிவமும் மாறும். அப்போது வல்லுநர்கள் இரண்டு வழிகளை நாடுவார்கள். ஒன்று, இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்ப்பது. இரண்டு, டிஎன்ஏ அடையாளப் பட்டை: சிஓஐ என்ற மரபணுவில் 658 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியைப் படித்து ஒப்பிடுவது. ஜியோமெட்ரிடே குடும்பத்தில் இந்த வேலை உலக அளவில் பெரிதாக நடந்திருக்கிறது.

நீங்கள் படம் எடுக்கும்போது இவற்றைக் கவனித்தால் உதவியாக இருக்கும். மேலிருந்து, நான்கு இறக்கைகளும் தெரியும்படி ஒன்று. முடிந்தால் பக்கவாட்டில், இறக்கையின் அடிப்பக்கம் தெரியும்படி இன்னொன்று. தேதி, நேரம், இடம் குறித்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் போட்டால் மற்றவர்களும் பார்த்துத் திருத்துவார்கள். புழுவாக இருந்தால் அது தின்றுகொண்டிருக்கும் இலையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டையும் கட்டாயம் எடுங்கள், பறிக்காமல். எந்தச் சிற்றினம் எந்த மரத்தைத் தின்கிறது என்ற பதிவு, அழகான இறக்கைப் படத்தைவிட அரிது.